இரண்டு மார்க்கில் கிரேடு நழுவினால்: பெங்களூரு கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

78 மார்க் வந்திருக்கிறது. ஏ பிளஸ் 80-ல் தொடங்குகிறது. இந்த இரண்டு மார்க்குக்காகப் பேராசிரியரைப் போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் என்ன சொல்வது, திட்டிவிடுவாரா, அடுத்த செமஸ்டரில் மனதில் வைத்துக்கொள்வாரா என்று பிள்ளைகள் தவிப்பதை ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பார்க்கிறேன். பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் பக்கமிருந்து வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தவிப்பு கொஞ்சம் கூடுதல். பிளஸ் டூ வரை விடைத்தாளை எங்கோ யாரோ திருத்தினார்கள். நேரில் போய்க் கேட்க ஆளில்லை. இங்கே பாதி மார்க்கைப் போடுவது தினமும் எதிரில் நிற்கும் ஆசிரியர். அவரிடம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களில் நிறையப் பேர் தப்பான நேரத்தில், தப்பான விதத்தில் கேட்டுவிட்டு வாடிய முகத்தோடு திரும்புகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சார், ரெண்டு மார்க் போடுங்க சார்" என்பது கருணை கேட்பது. அதற்கு இசைந்துகொடுக்க எந்த ஆசிரியருக்கும் நியாயமான வழி கிடையாது. "என் விடைத்தாளில் இந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்க முடியுமா?" என்பது கணக்குக் கேட்பது. அது உங்கள் உரிமை; எவ்வளவு கூச்ச சுபாவம் உள்ளவரும் தலைநிமிர்ந்து கேட்கலாம். இந்தக் கட்டுரை அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு

யாருடைய அறைக்கும் போகும் முன், அந்தக் கிரேடு ஏறினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 10 புள்ளி முறையில் ஓ கிரேடுக்கு 10, ஏ பிளஸுக்கு 9, ஏ-வுக்கு 8, பி பிளஸுக்கு 7 என்று இறங்கிவந்து, வெறும் பாஸுக்கு 4. இந்தப் புள்ளியைப் பாடத்தின் கிரெடிட்டால், அதாவது அந்தப் பாடத்துக்கு உள்ள எடையால், பெருக்குவார்கள். நான்கு கிரெடிட் பாடத்தில் ஒரு கிரேடு ஏறினால் கூடுவது 4 புள்ளி. அந்த செமஸ்டரில் மொத்தம் 20 கிரெடிட் என்றால் எஸ்ஜிபிஏ எனப்படும் செமஸ்டர் சராசரி 0.2 ஏறும். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பி.இ. முடிக்கும்போது உங்கள் கணக்கில் 160 கிரெடிட் இருக்கும். அதில் இதே 4 புள்ளியின் எடை 0.025. அதாவது சிஜிபிஏ எனப்படும் மொத்தச் சராசரி 8.31-லிருந்து 8.335 ஆகும். அதை எந்தக் கம்பெனியும் கவனிக்கப்போவதில்லை.

அதே ஒரு மார்க் சில இடங்களில் உண்மையிலேயே பெரியது. 39-க்கும் 40-க்கும் நடுவே பேக்லாக் நிற்கிறது, அதாவது பாஸாகாமல் திரும்ப எழுத வேண்டிய பாடம். வேலைவாய்ப்புக்கு வரும் கம்பெனி 7 சிஜிபிஏ கேட்கும்போது உங்களுக்கு 6.98 இருந்தால் அந்த 0.02 ஒரு கதவு. உதவித்தொகையைப் புதுப்பிக்க ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதற்குச் சற்றுக் கீழே நிற்பதும் அப்படியே. விடியு என்ற விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் இன்னொரு வரம்பு இருக்கிறது, புதிதாக வந்தவர்கள் அதைக் கவனிப்பதில்லை: சிஐஇ எனப்படும் இன்டர்னல் மதிப்பீட்டில் 50-க்கு 20 எடுத்தால்தான் அந்தப் பாடத்தின் செமஸ்டர் தேர்வையே எழுத முடியும். 18, 19 என்று நிற்பவர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் போய் ஆசிரியரைப் பார்க்க வேண்டும்.

கூட்டலில் பிழை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அரை மார்க்காக இருந்தாலும், கிரேடு மாறாவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள்.

மார்க் யார் கையில் இருக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் மார்க்கை மாற்ற முடியாத ஒருவரிடம் போய்க் கெஞ்சிக்கொண்டிருப்பீர்கள்.

விடியுவோடு இணைந்த சாதாரணக் கல்லூரி என்றால், சிஐஇ 50 மார்க் உங்கள் ஆசிரியர் கையில். எஸ்இஇ எனப்படும் செமஸ்டர் தேர்வின் 50 அவர் கையில் இல்லை. 100 மார்க்குக்கு எழுதிய தாளை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் தெரியாத ஓர் ஆசிரியர் கணினித் திரையில் திருத்துவார். வந்த மார்க்கைப் பாதியாக்கிச் சேர்ப்பார்கள். எனவே எஸ்இஇ மார்க்குக்காக வகுப்பு ஆசிரியரிடம் போவதில் பொருளில்லை. அதற்கு நகல் வாங்குவது, மறுமதிப்பீடு கேட்பது என்று தனிப்பாதை உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: தாளில் கிடைக்கும் 2 மார்க், இறுதிக் கணக்கில் 1 ஆகத்தான் ஏறும். 78-ஐ 80 ஆக்க அந்தத் தாளில் 4 மார்க் வேண்டும்.

ஆர்.வி., பி.எம்.எஸ்., ராமையா போன்ற தன்னாட்சிப் பொறியியல் கல்லூரிகளில் தேர்வையும் கல்லூரியே நடத்துகிறது. அங்கே தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம்தான் கடைசி வாசல். பிள்ளைகள் சிஓஇ ஆபீஸ் என்பார்கள். ஆசிரியர் மார்க்கை ஏற்றி அனுப்பிவிட்டால், பிறகு அவரே நினைத்தாலும் தன்னிச்சையாக மாற்ற முடியாது. காரணம் எழுதி, துறைத்தலைவர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். பிஇஎஸ் பல்கலைக்கழகத்தில் இன்டர்னலையும் செமஸ்டர் தேர்வையும் ஐஎஸ்ஏ, ஈஎஸ்ஏ என்பார்கள், கிறைஸ்டில் சிஐஏ, ஈஎஸ்இ. பெயர் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: உங்களுக்குக் குறைந்த அந்த மார்க் எந்தப் பகுதியில் குறைந்தது, அந்தப் பகுதியைத் திருத்தியவர் யார்?

சில இடங்களில் கிரேடு நிலையான எல்லைக்கோட்டில் விழாது. வகுப்பை ஒப்பிட்டு முடிவாகும். நாங்கள் செய்வது இப்படி. வகுப்பின் மார்க்கையெல்லாம் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவோம். 86, 85, 85, 84 என்று வந்து, அடுத்தது 79, 79, 78 என்று இறங்கினால், 84-க்கும் 79-க்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் கோடு போடுவோம். மயிரிழையில் ஒருவர் தவறக் கூடாது என்பதற்காகத்தான் இடைவெளியைத் தேடுகிறோம். ஆக, எல்லையில் நிற்பவர்களைப் பற்றி ஆசிரியர் ஏற்கெனவே யோசித்து முடித்திருப்பார். அதற்குப் பிறகு வந்து "கோட்டைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்றால், உங்களோடு சேர்ந்து நிற்கும் இன்னும் சிலரையும் ஏற்ற வேண்டும். அவர்களுக்கு அடுத்து நிற்பவர் மறுநாள் வருவார். உங்கள் மூல மார்க்கில் பிழை இருந்தது என்று காட்டினால் மட்டுமே அங்கே அசைவு உண்டு.

நேரம்

கேட்க வேண்டிய நேரம் ரிசல்ட் வந்த பிறகு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காலம் கடந்த நேரம். உண்மையான நேரம் ஒவ்வொரு இன்டர்னலுக்கும் பிறகு, ப்ளூ புக் உங்கள் கைக்கு வரும் அந்த வகுப்பில்.

இந்த ஊரில் இன்டர்னல் எழுதும் விடைப்புத்தகத்துக்கு ப்ளூ புக் என்று பெயர். திருத்திக் கொடுத்ததும் பார்த்துவிட்டு, மார்க்குக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அறுபது பேர் வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் கிடைக்கும். பிள்ளைகள் முன்பக்கத்து மொத்தத்தைப் பார்க்கிறார்கள், பக்கத்து பெஞ்சுக்காரன் மொத்தத்தைப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு "பார்த்தேன், ஒப்புக்கொண்டேன்" என்று பொருள். செமஸ்டர் கடைசியில் சிஐஇ மொத்தப் பட்டியலிலும் இன்னொரு கையெழுத்து வாங்குவார்கள். அது பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் பிறகு திறப்பது மிகவும் கடினம். தயவுசெய்து படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நேரம் போதவில்லை என்றால், "சார், கடைசி ரெண்டு பக்கம் பார்க்கல, மதியம் கேபினுக்கு வந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்ட பிள்ளையை எந்த நல்ல ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

எஸ்இஇ ரிசல்ட்டுக்குப் பிறகு நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கும் அவகாசம் சுருக்கமானது. ரிசல்ட் வரும் சமயம் நீங்கள் விடுமுறையில் ஊரில் இருப்பீர்கள். அறிவிப்பு கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வரும் என்று நம்பிக்கொண்டிருக்காமல் பல்கலைக்கழக இணையதளத்தை நீங்களே தினம் ஒரு முறை பாருங்கள்.

ப்ளூ புக்கைப் படிப்பது

முன்பக்கத்தில் கேள்வி எண்ணும் அதற்கு வந்த மார்க்கும் போடும் கட்டம் இருக்கும். உள்பக்கங்களில் ஒவ்வொரு விடைக்கும் ஓரத்தில் போட்ட மார்க்கைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கூட்டி, முன்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அடுக்கடுக்காகத் திருத்துகிறோம், இரவு பதினொரு மணிக்கு 7-ஐ 1 என்று பார்ப்பதும், ஒரு துணைக்கேள்வியின் மார்க்கைக் கட்டத்தில் ஏற்ற மறப்பதும் நடக்கத்தான் செய்கிறது.

அடுத்து, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று பாருங்கள். ஒரு விடையைப் பாதியில் விட்டு, இரண்டு பக்கம் தள்ளி மிச்சத்தை எழுதியிருப்பீர்கள். சிவப்பு மை படாத பக்கம் ஒன்று இருந்தால் அதைவிடத் தெளிவான ஆதாரம் வேறு வேண்டாம். சாய்ஸ் கேள்வி இரண்டையும் எழுதியிருந்தால் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் பாருங்கள்; கல்லூரி விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். அப்புறம் போர்ட்டல், அதாவது மார்க்கை ஏற்றும் கல்லூரி இணையதளம். ப்ளூ புக்கில் 41 இருக்கும், போர்ட்டலில் 14 என்று ஏறியிருக்கும். அசைன்மென்ட், வினாடி வினா, ஏஏடி எனப்படும் மாற்று மதிப்பீடு போன்ற சின்னச் சின்ன மார்க்குகள் தவறிப்போவதும் இங்கேதான்.

இதுவரை சொன்னவை கூட்டல் கழித்தல். கடினமான பகுதி, விடையை மதிப்பிட்டதிலேயே குறை இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும்போது வருகிறது. அதற்கு ஸ்கீம் வேண்டும். ஒவ்வொரு கேள்வித்தாளுக்கும், எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று எழுதிய ஸ்கீம் ஒன்றை ஆசிரியர் தயாரித்திருப்பார். பல கல்லூரிகளில் டெஸ்ட் முடிந்ததும் அதை மாணவர்களுக்குக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மின்சுற்றுப் பாடத்தில் தெவினின் தேற்றத்தை வைத்து 6 மார்க் கணக்கு. ஸ்கீமில் சுற்றுப் படத்துக்கு 1, தெவினின் மின்தடைக்கு 2, தெவினின் மின்னழுத்தத்துக்கு 2, கடைசியில் மின்னோட்டத்துக்கு 1. ஒரு பையன் படத்தைச் சரியாகப் போட்டிருக்கிறான். மின்தடை சரி. மின்னழுத்தத்தில் ஒரு மைனஸ் குறியைத் தவறவிட்டான், அதனால் கடைசி விடையும் தப்பு. திருத்தியவர் கடைசி விடையைப் பார்த்து 2 போட்டுவிட்டார். ஸ்கீமை வைத்துப் பார்த்தால் படம் 1, மின்தடை 2, ஆக 3 சந்தேகத்துக்கு இடமில்லாமல் வர வேண்டும். மின்னழுத்தத்தில் வழிமுறை சரி, குறி மட்டும் தப்பு என்பதற்கு இன்னொன்று தரலாமா என்பது ஆசிரியர் முடிவு. இந்தப் பையன் கேட்க வேண்டியது 6 இல்லை. 3 உறுதி, 4 கேட்டுப் பார்க்கலாம். இப்படிப் பிரித்துவைத்துக்கொண்டு வருபவரிடம் பேசுவது எங்களுக்கும் எளிது.

மீண்டும் ஒரு சின்னக் கணக்கு: டெஸ்டை 50-க்கு நடத்தி 25-க்குக் குறைக்கிறார்கள் என்றால், 2-லிருந்து 4-க்கு ஏறும் அந்த 2 மார்க் உங்கள் சிஐஇ-யில் 1 ஆகும். பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. உங்கள் கல்லூரியின் விதிநூலில் அது எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரை மார்க்கைக் கேட்காமலே விதி தந்துவிடும் சந்தர்ப்பமும் உண்டு.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. திருத்தி வந்த ப்ளூ புக்கில் நீங்கள் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. பென்சிலால் டிக் போடுவதும் கூடாது. உங்கள் நியாயம் எவ்வளவு சரியாக இருந்தாலும், பிறகு எழுதிச் சேர்த்தார் என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். குறிப்பெல்லாம் தனித்தாளில்.

இன்னொன்று, நண்பனின் தாளை ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள். "அவன் இதையேதான் எழுதினான், அவனுக்கு 5" என்றால், ஆசிரியர் இரண்டையும் பார்த்துவிட்டு அவனுடைய 5-ஐ 3 ஆக்குவதும் நடக்கும். ஸ்கீமோடு ஒப்பிடுங்கள், அதுதான் எல்லோருக்கும் பொது. மறுபார்வையில் உங்கள் மார்க்கே குறையவும் கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

மெயில்

வாட்ஸ்அப் வேண்டாம், அதிலும் இரவு பத்து மணிக்கு வேண்டவே வேண்டாம். கல்லூரி தந்த மெயில் முகவரியிலிருந்து, யூஎஸ்என் எனப்படும் உங்கள் பதிவு எண்ணோடு எழுதுங்கள். பொதுவாக ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். உள்ளடக்கம் இந்த அளவில் இருந்தால் போதும்:

பொருள்: இரண்டாம் இன்டர்னல், கேள்வி 3 பி, மறுபார்வை வேண்டுகோள் (இங்கே உங்கள் யூஎஸ்என்).

மதிப்புக்குரிய பேராசிரியருக்கு வணக்கம். நான் முதல் செமஸ்டர் டி பிரிவு மாணவன். யூஎஸ்என் மேலே உள்ளது. கேள்வி 3 பி-க்கு எனக்கு 6-க்கு 2 வந்திருக்கிறது. நீங்கள் காட்டிய ஸ்கீம்படி படத்துக்கு 1, மின்தடைக்கு 2. இவை இரண்டும் என் விடையில் 7-ஆம் பக்கத்தில் சரியாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மின்னழுத்தத்தில் குறிப் பிழை செய்திருக்கிறேன். நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் வந்து பார்க்கலாமா? நன்றி.

இவ்வளவுதான். இதில் கிரேடு என்ற சொல்லே இல்லை, எத்தனை மார்க் வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வேலைநாள் பதில் வராவிட்டால் நேரில் போய், "மெயில் அனுப்பியிருந்தேன்" என்று நினைவுபடுத்தலாம்.

கேபினில்

காரிடாரில் மடக்காதீர்கள். வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஓடுபவரிடம் பேசினால் "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். கேபின் வாசலில் நின்று அனுமதி கேளுங்கள். கன்னட ஆசிரியர் என்றால் "சார், ஒந்து நிமிஷ மாதாடபஹுதா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம் பேசலாமா என்று பொருள். ஊர் மொழியை மதித்து ஒரு வரி பேசும் வெளியூர்ப் பிள்ளையை இங்கே எல்லோருக்கும் பிடிக்கும். அதன் பிறகு ஆங்கிலத்தில் தொடரலாம்.

தமிழ் ஆசிரியர் என்றால் தனியாக இருக்கும்போது தமிழில் பேசுங்கள், தப்பில்லை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் பொது அறையில் மார்க் விஷயத்தைத் தமிழுக்கு மாற்றினால், மற்ற மூவருக்கும் அது வேறு மாதிரி கேட்கும். உங்களுக்கு நியாயமாகக் கிடைத்த மார்க்கும் சலுகையாகத் தெரியும். "நம்ம ஊரு சார்" என்று தொடங்குவதை நான் முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிடுவேன். அந்தப் பிள்ளையின் நன்மைக்காகத்தான் நிறுத்துகிறேன்.

நல்லபடியாகப் போகும் ஒரு பேச்சு இப்படி இருக்கும்:

"சார், 3 பி பத்தி மெயில் போட்டிருந்தேன்."

"வாப்பா. எந்தப் பக்கம்?"

"ஏழாம் பக்கம் சார். மின்தடை வரைக்கும் சரியா வந்திருக்குன்னு நினைக்கிறேன். அதுக்கு அப்புறம் மைனஸ் விட்டது என் தப்பு."

"ஆமா, இது சரிதான். கடைசி விடைய வெச்சுக் குறைச்சுட்டேன் போல. மூணு வரும். மின்னழுத்தத்துக்குத் தர முடியாது, கேவிஎல் சமன்பாடே தப்பா எழுதியிருக்கே, பாரு."

"சரிங்க சார். அத எப்படி எழுதியிருக்கணும்?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் எழுந்துவிடாதீர்கள். கிடைத்த ஒரு மார்க்கைவிட, அந்தச் சமன்பாடு செமஸ்டர் தேர்வில் அதிகம் தரும்.

எதைச் சொல்லிக் கேட்கக் கூடாது

பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்ல, வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் தவணை கேட்க, இந்த ஊரில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள்) என்ற சொல் எங்கும் செல்லும். மார்க்குக்கு மட்டும் செல்லாது. "இன்னும் ஒரு மார்க்தான் சார்" என்பது காரணமாகாது. எங்கே கோடு போட்டாலும் அதற்கு ஒரு மார்க் கீழே யாராவது நிற்பார்கள். இனிப்பு டப்பாவோடு வராதீர்கள். வாங்கும் ஆசிரியரும் மாட்டிக்கொள்வார், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்து பேராகக் கும்பலாக வந்தாலும், ஒவ்வொருவர் தாளையும் தனித்தனியாகத்தான் பார்ப்போம்.

அப்பாவைக் கூட்டிவர வேண்டாம். சேலத்திலிருந்து விடிகாலை பஸ் ஏறி, வேலைக்கு லீவு போட்டு, துறைத்தலைவர் அறை வாசலில் கைகட்டி நிற்கும் அப்பாக்களைப் பார்க்கும்போது மனது கனக்கிறது. அவர் நின்றதால் மார்க் மாறாது. நீங்கள் பதினெட்டு வயது தாண்டியவர். உங்கள் தாளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.

வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வது பற்றி. கஷ்டம் உண்மை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன், நீங்கள் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், அந்த வாரம் இன்டர்னல் வந்தது என்றால் அதற்கு விதிப்படியே உதவி உண்டு. ஆனால் அது நடக்கும்போதே சொல்ல வேண்டும். மருத்துவச் சான்று, அனுமதிக் கடிதம், உங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியரான ப்ராக்டரின் கையெழுத்து இவை இருந்தால் தவறிய டெஸ்டுக்கு மாற்று டெஸ்ட் கேட்கலாம். வருகைப்பதிவு குறைந்திருந்தால் அதற்கும் விலக்குக் கேட்கலாம். விடியுவில் 85 சதவீதம் வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் ஓரளவு குறைவை மன்னிக்க இடமுண்டு. மூன்று மாதம் கழித்து, கிரேடு வந்த பிறகு, அதே துயரத்தை இரண்டு மார்க்குக்குக் காரணமாகச் சொன்னால் ஆசிரியர் மனம் உருகும், ஆனால் கை கட்டியிருக்கும். ப்ராக்டர் என்று உங்களுக்கு ஒருவரை முதல் வாரத்திலேயே ஒதுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் அவரைக் கையெழுத்துக்கு மட்டும் பார்க்கிறார்கள். கஷ்டம் வரும் அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

முடியாது என்று சொல்லிவிட்டால்

காரணம் சொல்லி மறுத்தார், காரணம் நியாயமாகப் படுகிறது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அவர் அதை மனதில் வைத்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். மரியாதையாக, தாளைக் காட்டிக் கேட்டவரை நாங்கள் நல்லவிதமாகவே நினைவில் வைத்திருப்போம்.

பிழை தெளிவாக இருந்தும் பார்க்கவே மறுக்கிறார் என்றால், துறைத்தலைவருக்கு அதே மெயிலை, முன்பு நடந்ததை இரண்டு வரியில் சேர்த்து அனுப்புங்கள். புகார்த் தொனி வேண்டாம். தேதி, பக்கம், கேள்வி எண் போதும். எஸ்இஇ தாள் என்றால் முதலில் நகல் வாங்குங்கள். நகலைப் பார்க்காமல் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நகலை அந்தப் பாடத்தில் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் காட்டி, "இதற்குக் கேட்கலாமா?" என்று கருத்துக் கேளுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தால் எது நிற்கும் என்ற விதியையும் விண்ணப்பத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விடைத்தாளைக் காட்டவே மாட்டோம் என்று ஓர் அரசுப் பல்கலைக்கழகம் சொல்ல முடியாது. சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தாளை அவர்கள் அழிக்காமல் வைத்திருக்கும் காலத்துக்குள் கேட்க வேண்டும் என்பது முக்கியம். தாளைப் பார்க்கும் உரிமை வேறு, மறுமதிப்பீடு வேறு. மறுமதிப்பீடு அந்தந்தப் பல்கலைக்கழக விதிப்படிதான்.

கடைசி வழி, குறைதீர்ப்புக் குழு. யுஜிசியின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதன் முடிவு சரியில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பெர்சன் என்ற குறைகேட்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மறுமதிப்பீடு வேண்டும் என்ற வெறும் கோரிக்கையைக் குறைகேட்பாளர் எடுத்துக்கொள்ளமாட்டார். முடிவைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேட்டையோ, பாகுபாட்டையோ காட்ட வேண்டும். மொழியையோ சாதியையோ வைத்து உங்கள் மார்க்கில் கை வைத்தார்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால், அதை அரை மார்க் விஷயமாக நினைத்து விழுங்கிவிடாமல் இந்தக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மார்க் போதவில்லை என்ற வருத்தத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டால்

இதோடு முடிந்தது என்று நினைத்துப் பலர் போய்விடுகிறார்கள். ஆசிரியர் ப்ளூ புக்கில் 2-ஐ அடித்து 3 என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டாரா, முன்பக்கத்துக் கட்டத்திலும் மொத்தத்திலும் திருத்தினாரா என்று அங்கேயே பாருங்கள். இரண்டு நாள் கழித்துப் போர்ட்டலைத் திறந்து பாருங்கள். ஏறாவிட்டால் பணிவாக ஒரு மெயில் அனுப்புங்கள். கடைசி சிஐஇ பட்டியலில் கையெழுத்துப் போடும்போது புதிய எண்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை சரிபாருங்கள். செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு மறுமதிப்பீட்டில் மாறியது என்றால், திருத்திய கிரேடு கார்டு தனியாக வரும். பழையதைக் கல்லூரி அலுவலகம் திருப்பிக் கேட்கும். அதைக் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்புப் பிரிவில் நீங்கள் ஏற்கெனவே கொடுத்த சிஜிபிஏயையும் அன்றைக்கே புதுப்பித்துவிடுங்கள்.